கட்டிய கையை எப்போது அவிழ்ப்பது?

பக்கவாதத்துக்குப் பின் தோளைத் தாங்கும் பட்டை நடக்கும்போது துணை. நாள் முழுவதும் கிடந்தால் அதுவே தடை.

காலை வேளையில் எந்த ஊர்ப் பூங்காவுக்குப் போனாலும் அப்படி ஒருவரைப் பார்க்கலாம். ஒரு கை மடங்கி, கழுத்திலிருந்து தொங்கும் பட்டைக்குள் வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும். மறு கையில் ஊன்றுகோல். கூடவே மனைவியோ மகனோ. பக்கவாதம் வந்து ஓராண்டு ஆகியிருக்கும். சிலருக்கு மூன்றாண்டுகூட ஆகியிருக்கும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நாளில் கட்டிய பட்டை மட்டும் அப்படியே இருக்கும். ஏன் கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டால், “கையைத் தொங்கவிடக் கூடாது என்றார்கள்” என்பார். தினமும் எவ்வளவு நேரம், எத்தனை மாதம், எப்போது அவிழ்க்க வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மருந்துக் கடையில் ஆர்ம் ஸ்லிங் என்று கேட்டால் எடுத்துத் தரும் பட்டை பெரும்பாலும் எலும்பு முறிவுக்குப் பயன்படுவது. முறிந்த எலும்பு கூடும்வரை கை அசையாமல் இருந்தால் போதும். அந்தக் காரியத்தை அது நன்றாகவே செய்யும். பக்கவாதத்தில் கதை வேறு. அங்கே கை அசையாமல் போனதுதான் நோயே. அசைவைத் திரும்பக் கொண்டுவருவதுதான் சிகிச்சை. அதனால்தான் அந்தக் கையைக் கட்டலாமா கூடாதா என்பது மருத்துவர்களிடையே அரை நூற்றாண்டாகத் தீராத வாதமாக இருக்கிறது.

தோள் ஏன் இறங்குகிறது?

இடுப்பு மூட்டு ஆட்டுக்கல் குழிக்குள் உட்கார்ந்த குழவி மாதிரி. தொடை எலும்பின் தலை ஆழமான குழிக்குள் பத்திரமாக இருக்கிறது. தோள் மூட்டில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. தட்டையான சிறு கிண்ணியின்மேல் எலுமிச்சம்பழத்தை வைத்தது போல, மேல்கை எலும்பின் உருண்டைத் தலை ஆழமில்லாத குழியை ஒட்டி நிற்கிறது. கையை எல்லாத் திசையிலும் சுழற்ற முடிவது இதனால்தான். இதற்கு நாம் கொடுக்கும் விலை, அந்த எலும்பைப் பிடித்து வைத்திருக்கும் வேலை முழுவதையும் சுற்றியுள்ள தசைகளே செய்தாக வேண்டும் என்பது.

மூளையில் ரத்தக்குழாய் அடைத்தோ வெடித்தோ பக்கவாதம் வந்ததும், முதல் சில வாரங்களில் அந்தத் தசைகள் துவண்டு போகின்றன. ஒரு முழுக் கையின் எடை உடல் எடையில் ஏறக்குறைய 5 சதவீதம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 3 கிலோ. உட்காரும்போதும் நிற்கும்போதும் அந்த 3 கிலோ, பிடிப்பாரில்லாமல் தோளிலிருந்து தொங்குகிறது. எலும்பின் தலை மெல்லக் கீழே நழுவுகிறது. தோள் முனையில் உள்ள எலும்புக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தால் ஒரு பள்ளம் தட்டுப்படும். சிலருக்கு ஒரு விரல் அகலம், சிலருக்கு அதற்கும் மேல். இதைத்தான் தோள் இறங்கிவிட்டது என்கிறார்கள்.

தோள் இறங்கிய எல்லோருக்கும் வலி வருவதில்லை. வலி உள்ள எல்லோருக்கும் தோள் இறங்கியிருப்பதும் இல்லை. மூட்டு உறைந்து போவது, தசைநாண் கிழிவது, தசை இறுகுவது என்று வலிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் துவண்ட தோளை அலட்சியமாகக் கையாண்டால் வலி வரும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வலி வந்தவர் உடற்பயிற்சிக்கு இணங்க மாட்டார். பயிற்சி நின்றால் தேறுவதும் நின்றுவிடும். தோளைக் காப்பாற்ற வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

கைக்கும் நடைக்கும் என்ன சம்பந்தம்?

நடக்கும்போது வலது கால் முன்னே போனால் இடது கை முன்னே வீசுகிறது. உடல் ஒரு பக்கமாகத் திரும்பிவிடாமல் இந்தக் கைவீச்சு ஈடுகட்டுகிறது. தடுமாறினால் இரண்டு கைகளும் தாமாகவே விரிந்து உடலை நிலைநிறுத்துகின்றன. பக்கவாதத்தில் இந்த இரண்டு உதவியும் ஒரு பக்கத்தில் போய்விடுகின்றன. அதோடு தொங்கும் கையின் பாரம் உடலை அந்தப் பக்கமாக இழுக்கிறது. நோயாளி பயந்து எடை முழுவதையும் நல்ல காலின்மேல் போட்டுக்கொள்கிறார். பலவீனமான கால் எடை தாங்கிப் பழகாமலே இருந்துவிடுகிறது.

இங்கேதான் பட்டைக்குச் சாதகமான சான்றுகள் கிடைக்கின்றன. துருக்கி மருத்துவர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், பக்கவாத நோயாளிகளைப் பட்டையுடனும் பட்டையில்லாமலும் நடக்கவைத்து ஒப்பிட்டார்கள். பட்டை கட்டியபோது நடை சீரானது. பலவீனமான கால்மேல் எடை போடுவதும் கூடியது. அதே நாட்டிலிருந்து 2010-ல் வந்த இன்னொரு ஆய்வு, பட்டை கட்டி நிற்கும்போது உடலின் சமநிலை மேம்படுவதாகச் சொன்னது. நடக்கச் செலவாகும் சக்தியும் குறைகிறது என்றது 2011-ல் வெளியான கொரிய ஆய்வு. இவை எல்லாமே சிறிய ஆய்வுகள். பட்டை கட்டியிருக்கும் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இவை அளந்தன. மாதக்கணக்கில் கட்டியிருந்தால் சமநிலை நிரந்தரமாகத் திரும்பிவிடும் என்று இவற்றில் எதுவும் சொல்லவில்லை.

எதிர்த் தரப்பு

கட்டவே கூடாது என்ற கட்சியும் பலமானது. பெர்லினில் பிறந்து லண்டனில் குடியேறிய பெர்தா போபாத், மருத்துவரான தன் கணவர் காரெலுடன் சேர்ந்து உருவாக்கிய சிகிச்சை முறை உலகெங்கும் பிசியோதெரபி கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. பெரியவர்களுக்கு வரும் பக்கவாதம் பற்றிய அவருடைய புத்தகம் 1970-ல் வந்தது. சாதாரணப் பட்டையை இந்த மரபினர் விரும்புவதில்லை. முழங்கை மடங்கி, கை உள்நோக்கித் திரும்பி, உள்ளங்கை வயிற்றோடு சேர்ந்த நிலையில்தான் பக்கவாதக் கை பிற்பாடு இறுகிப்போகிறது. அதே நிலையில் கொண்டுபோய்க் கட்டிவைப்பது அந்த இறுக்கத்தை நாமே வரவேற்பது ஆகாதா என்பது அவர்கள் கேள்வி. அதற்குப் பதிலாக அக்குளில் சுருளை வைத்துத் தாங்கும் முறையைக் கையாண்டார்கள். அந்தச் சுருளோ எலும்பை வெளிப்பக்கமாகத் தள்ளிவிடுகிறது என்று அதற்கும் ஆட்சேபணை வந்தது.

இந்த வழக்கில் தீர்ப்பு சொல்ல 2005-ல் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு ஒன்று முயன்றது. தேறிய ஆய்வுகள் நான்கே நான்கு. அவற்றில் பங்கேற்ற நோயாளிகள் மொத்தம் 142 பேர். தாங்குபட்டைகள் தோள் இறங்குவதைத் தடுக்கின்றன என்றோ, இறங்கிய தோளைச் சரிசெய்கின்றன என்றோ சொல்லப் போதிய சான்று இல்லை என்பதுதான் முடிவு. ஒட்டும் பட்டையால் தோளைச் சுற்றிக் கட்டுவது வலி தொடங்கும் நாளைத் தள்ளிப்போடுகிறது என்பது மட்டும் தெரிந்தது.

பட்டையின் பெரிய ஆபத்து வேறொரு திசையிலிருந்து வருகிறது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப், குரங்குகளின் ஒரு கைக்கு மட்டும் உணர்ச்சி நரம்பைத் துண்டித்துப் பார்த்தார். அசைக்கும் நரம்பு நன்றாக இருந்தும் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்தவில்லை. நல்ல கையைக் கட்டிப்போட்டதும், வேறு வழியின்றி மற்றக் கையைப் பயன்படுத்தத் தொடங்கியது. முதலில் சில தடவை முயன்று தோற்றதால் அந்தக் கையை உபயோகிக்காமல் இருக்கவே குரங்கு கற்றுக்கொண்டது என்று அவர் விளக்கினார். மனிதர்களுக்கும் இது பொருந்தும். இதை வைத்து உருவான சிகிச்சையில் நல்ல கைக்குத்தான் உறை மாட்டுகிறார்கள். பலவீனமான கைக்குத் தீவிரப் பயிற்சி தருகிறார்கள். அமெரிக்காவில் 222 நோயாளிகளிடம் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்களுக்கு இரண்டே வாரச் சிகிச்சையில் கைத்திறன் கூடியது. அந்தப் பலன் ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்தது. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது நிமிர்த்த முடிகிறவர்களுக்கே இது பொருந்தும் என்பதையும் சொல்ல வேண்டும்.

கொஞ்சம் அசையத் தொடங்கிவிட்ட கையைப் பழக்கத்தால் தினமும் காலையில் பட்டைக்குள் போட்டுவிடுவது இதற்கு நேர் எதிரான சிகிச்சை. கை வேண்டாம் என்று மூளைக்குத் தினமும் பாடம் நடத்துவது போன்றது அது.

நிற்கக் கட்டு, உட்கார அவிழ்

இரண்டு தரப்பிலும் உண்மை இருப்பதால் அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்டுகள் நடுவழியைப் பின்பற்றுகிறார்கள். கை துவண்டு கிடக்கும் ஆரம்ப வாரங்களில், நிற்கும்போதும் நடக்கும்போதும் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறும்போதும் மட்டும் பட்டை. ஆட்டோவில் ஏறும்போது, கூட்டத்தில் போகும்போது, மாடிப்படியில் கட்டாயம். வலது மூளை பாதிக்கப்பட்ட சிலர் தங்கள் இடது பக்கத்தையே மறந்துவிடுவார்கள். கை சக்கர நாற்காலியின் சக்கரத்தில் சிக்கினாலும் அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இன்னும் அவசியம்.

உட்கார்ந்ததும் பட்டையை அவிழ்த்துவிட வேண்டும். மேசைமீதோ மடியில் தலையணை வைத்து அதன்மீதோ, முழங்கை முதல் விரல் வரை தாங்குமாறு கையை வைக்கலாம். சக்கர நாற்காலி என்றால் குறுக்கே ஒரு பலகை போதும். படுக்கையில் பட்டையே தேவையில்லை; கைக்கு அடியில் தலையணை வைத்தால் சரி. பாதித்த பக்கமாகவும் படுக்கலாம், தோளைச் சற்று முன்னே இழுத்து வைத்துவிட்டு. தசைகளுக்கு உயிர் வந்து தோள் தானாகவே எலும்பைப் பிடிக்கத் தொடங்கியதும் பட்டைக்கு விடைகொடுத்துவிடலாம். அது எந்த நாள் என்பதைப் பரிசோதித்துச் சொல்ல வேண்டியவர் பிசியோதெரபிஸ்ட்.

பட்டைகளிலும் வகைகள் உண்டு. கழுத்தில் மாட்டி முழங்கையை மடக்கி வைக்கும் வகை மலிவானது, எங்கும் கிடைப்பது. மேல்கையை மட்டும் சுற்றிப் பிடித்து எதிர்த் தோள் வழியாகப் போகும் வகையும், முழங்கையை நீட்டியபடியே தாங்கும் வகையும் உண்டு. இவற்றில் கை ஓரளவு இயல்பான நிலையில் இருக்கும். எதை வாங்கினாலும் அளவு பார்த்து, பிசியோதெரபிஸ்ட் முன்னால் மாட்டிப் பார்த்து வாங்குவது நல்லது. உணர்ச்சி குறைந்த தோலில் பட்டை அறுத்தாலும் நோயாளிக்குத் தெரியாது. அக்குள், கழுத்து, மணிக்கட்டு ஆகியவற்றைத் தினமும் பார்க்க வேண்டும். தோள் தசைகளுக்கு மெல்லிய மின்தூண்டல் தரும் சிகிச்சையும் ஆரம்ப மாதங்களில் தோள் இறங்குவதைக் குறைக்கிறது. வசதியுள்ள மருத்துவமனைகளில் அதைக் கேட்டுப் பெறலாம்.

இழுக்காதீர்கள்

பட்டை விஷயத்தில் கவனமாக இருக்கும் குடும்பமே தோளைக் கெடுத்துவிடுவதும் நடக்கிறது. படுக்கையிலிருந்து எழுப்ப, கையைப் பிடித்து இழுப்பார்கள். குளிப்பாட்டும்போது அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்குவார்கள். துவண்ட தோளுக்கு இவை இரண்டுமே ஆகாது. இடுப்பில் பெல்ட்டையோ இறுக்கிக் கட்டிய துண்டையோ பிடித்துத்தான் தூக்க வேண்டும். சட்டை போடும்போது பாதித்த கைக்கு முதலில். கழற்றும்போது அந்தக் கைக்குக் கடைசியில்.

கதவுக்கு மேல் உருளை மாட்டி, கயிற்றின் ஒரு முனையை நல்ல கையால் இழுத்து மற்றக் கையை உயர்த்தும் பயிற்சி நம் வீடுகளில் பிரபலம். மூன்று வகைப் பயிற்சிகளை ஒப்பிட்டு 1990-ல் வெளியான ஆய்வில், இந்த உருளைப் பயிற்சி செய்தவர்களில் 62 சதவீதம் பேருக்குத் தோள் வலி வந்தது. சிகிச்சையாளரே கையை அசைத்துவிட்டவர்களில் அது 8 சதவீதம்தான். ஆர்வக்கோளாறில் ஆணி அடிக்கும் முன் யோசிக்க வேண்டிய கணக்கு இது.

சமநிலை உட்காரும் இடத்தில் தொடங்குகிறது

நடக்க அவசரப்படுவது நோயாளியைவிட உறவினர்கள்தான். நிற்கும் சமநிலைக்கு முன்னால் உட்காரும் சமநிலை வர வேண்டும். கட்டில் விளிம்பில் இரண்டு பாதமும் தரையில் படிய உட்கார்ந்து, கை எட்டாத தூரத்தில் வைத்த தம்ளரை முன்னே சாய்ந்து எடுத்துவிட்டுத் திரும்புவது எளிய பயிற்சி போலத் தோன்றும். ஆஸ்திரேலியாவில் 20 நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு இரண்டு வாரம் இப்படிப் பயிற்சி தந்து பார்த்தார்கள். 1997-ல் வெளியான அந்த ஆய்வில், அவர்களால் இன்னும் தூரமாகவும் வேகமாகவும் எட்ட முடிந்தது. பலவீனமான காலும் கூடுதல் எடையைத் தாங்கியது. அடுத்த படி, நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பது. அதில் பலவீனமான பாதத்தைச் சற்றுப் பின்னால் வைத்துக்கொண்டால் அந்தக் காலும் வேலை செய்தே ஆக வேண்டியிருக்கும். இந்தப் பயிற்சிகளின்போது பலவீனமான கை மேசைமேல் ஊன்றியிருக்கட்டும். பட்டைக்குள் இருந்தால் அதற்கு இந்த வாய்ப்பே கிடைக்காது.

ஊன்றுகோல் நல்ல கையில் இருக்க வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரும் உயரமே ஊன்றுகோலின் உயரம். நாலு கால் ஊன்றுகோல் தொடக்கத்தில் தைரியம் தரும். துணைக்கு வருபவர் பலவீனமான பக்கத்தில், அரையடி பின்னால் நிற்க வேண்டும். விழுந்தால் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் விழுவார்கள். எலும்பு வலுவிழந்திருப்பதால் அந்தப் பக்க இடுப்பெலும்புதான் முறியும். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். தரையில் உட்காரும் கழிப்பறைக்குள் பட்டை கட்டிய கையோடு தனியாகப் போகவே கூடாது. உயரமான இருக்கையும் சுவரில் ஒரு கைப்பிடியும் பல ஆயிரம் ரூபாய் அறுவை சிகிச்சையைத் தவிர்க்கும்.

எப்போது தொடங்குவது என்பதிலும் நிதானம் வேண்டும். 5 நாடுகளில் 56 மருத்துவமனைகளில் 2,104 நோயாளிகளிடம் நடந்து 2015-ல் வெளியான ஆய்வு ஓர் எச்சரிக்கை. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அடிக்கடி, அதிக நேரம் நடமாடவைத்தவர்களில் நல்லபடியாகத் தேறியவர்கள் குறைவாகவே இருந்தார்கள். முதல் நாளிலேயே தூக்கி நிறுத்தத் துடிக்க வேண்டாம். மருத்துவர் சொல்லும் நேரத்தில் தொடங்கலாம்.

வீட்டார் மட்டும் போதுமா?

இந்தியாவில் பெரும்பாலான நோயாளிகளுக்கு மறுவாழ்வு சிகிச்சை மருத்துவமனை வாசலோடு முடிந்துவிடுகிறது. பிறகு மனைவியே நர்ஸ், மகளே பிசியோதெரபிஸ்ட். குடும்பத்தில் ஒருவருக்கு முறையாகப் பயிற்சி தந்தால் இந்தக் குறையை ஈடுகட்டலாமா என்று நம் நாட்டின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். முடிவு 2017-ல் வந்தது. ஆறு மாதம் கழித்து இறந்திருந்தவர்கள் அல்லது பிறரைச் சார்ந்தே வாழ்ந்தவர்கள், பயிற்சி பெற்ற குடும்பங்களில் 47 சதவீதம். பயிற்சி பெறாத குடும்பங்களிலும் அதே 47 சதவீதம்.

வீட்டாரின் உழைப்பு வீண் என்பது இதன் பொருள் அல்ல. ஒரு தடவை சொல்லிக்கொடுத்துவிட்டு எல்லாப் பொறுப்பையும் அவர்கள் தலையில் கட்டிவிட முடியாது என்பதுதான் பொருள். கை இன்று இருக்கும் நிலை அடுத்த மாதம் இருக்காது. துவண்ட கை இறுகும், அல்லது அசையத் தொடங்கும். அதற்கேற்பப் பட்டையும் பயிற்சியும் மாற வேண்டும். மாற்றச் சொல்ல, தேர்ந்த கண் ஒன்று அவ்வப்போது பார்த்தாக வேண்டும். மாவட்ட மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பிசியோதெரபி பிரிவுகள் இருக்கின்றன. மாதம் ஒருமுறை அங்கே போய்வருவது பூங்காவில் ஒரு வருடம் நடப்பதைவிடப் பயன் தரலாம். கான்பூரில் உள்ள மத்திய அரசு நிறுவனமான அலிம்கோ ஊன்றுகோல், வாக்கர், சக்கர நாற்காலிகளைத் தயாரிக்கிறது. வருமான வரம்புக்கு உட்பட்டவர்கள், மாற்றுத்திறனாளி சான்றிதழ் இருந்தால், 1981-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் இத்தகைய உபகரணங்களைப் பெற வழி இருக்கிறது.

பக்கவாத நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனை ஒரு மருந்துச் சீட்டு தருகிறது. எந்த மாத்திரை எத்தனை வேளை, எத்தனை நாள் என்று அதில் இருக்கும். பட்டைக்கும் அதே போல ஒரு சீட்டு கேளுங்கள். எப்போது கட்டுவது, எப்போது அவிழ்ப்பது, எந்தத் தேதியில் திரும்பக் காட்டுவது என்று மூன்று வரி எழுதித் தந்தால் போதும். அவர்களாகத் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் கட்டியிருப்பவர்கள் இந்த வாரமே ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போய், கையை அவிழ்த்துக் காட்டுங்கள். அந்தக் கைக்குள் இன்னும் எவ்வளவு அசைவு மிச்சமிருக்கிறது என்பது அவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும்.